போய்ச் சேராத பார்சலுக்கு யார் பொறுப்பு? இழப்பைச் சுமக்கும் கொல்கத்தா சிறு ஏற்றுமதியாளர்கள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: இணையதளம் வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்ற பொருள் உரியவரிடம் போய்ச் சேராவிட்டால், அந்த இழப்பை யார் ஏற்பது? அஞ்சல் துறையா, கூரியர் நிறுவனமா, விற்பனை இணையதளமா, பொருளை வாங்கியவரா? இது தொடர்பான சட்டங்களையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் வரிசையாகப் படித்துப் பார்த்தால், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் விடை ஒன்றாகவே இருக்கிறது: விற்றவர்தான்.

காந்தா தையல் சேலைகள், சாந்திநிகேதன் தோல் பொருள்கள், டோக்ரா உலோகச் சிற்பங்கள், டார்ஜீலிங் தேயிலைப் பொட்டலங்கள், காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளின் வங்காளப் புத்தகங்கள் எனக் கொல்கத்தாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் சிறு பார்சல்கள் பலவகை. இவற்றை அனுப்புவோர் பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் அல்லர். வீட்டின் ஒரு அறையில் பொருளை வைத்து, செல்போனில் படமெடுத்து, இணையதளத்தில் விற்பவர்களே அதிகம். ஒரு பார்சல் தொலைந்தால் அந்த மாதத்தின் லாபம் போய்விடும்; பத்து பார்சல்கள் முடங்கினால் தொழிலே நின்றுவிடும்.

பூஜைக் காலத்தில் விழுந்த அடி: இந்தப் பிரச்னையின் முழு அளவு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிப்பட்டது. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்களுக்கு அமெரிக்கா அளித்து வந்த சுங்கத் தீர்வை விலக்கு, அந்நாட்டு அதிபரின் ஜூலை 30-ஆம் தேதி ஆணையின்படி, ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்பது தெளிவாகாத நிலையில், அஞ்சல் பைகளை ஏற்க விமான நிறுவனங்கள் தயங்கின. இதையடுத்து, அமெரிக்காவுக்கான பொருள் அஞ்சல் பதிவை ஆகஸ்ட் 25 முதல் தாற்காலிகமாக நிறுத்துவதாக இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 23-இல் அறிவித்தது. முதலில் கடிதங்களுக்கும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புப் பொருள்களுக்கும் தரப்பட்டிருந்த விலக்கும் அம்மாத இறுதியில் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியா மட்டும் இப்படிச் செய்யவில்லை. 88 அஞ்சல் நிர்வாகங்கள் அமெரிக்கச் சேவையை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 29-ஆம் தேதி அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து, ஒரு வாரம் முந்தைய அளவைவிட 81 சதவீதம் சரிந்தது என்று சர்வதேச அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது.

அஞ்சல் பதிவு மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15-ஆம் தேதி. அவ்வாண்டு துர்கா பூஜை செப்டம்பர் 28-இல் தொடங்கி அக்டோபர் 2-இல் விஜயதசமியுடன் முடிந்தது. அதாவது, அமெரிக்காவில் வாழும் வங்காளிகள் புதுச் சேலைகளும் பூஜைச் சிறப்பு மலர்களும் வாங்கும் பருவம் முழுவதும் அஞ்சல் கதவு மூடியே இருந்தது. முன்பே பதிவு செய்து அனுப்ப முடியாமல் போனவற்றுக்கு அஞ்சல் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அஞ்சல் துறை கூறியது. கட்டணம் திரும்பும், ரத்தான விற்பனை திரும்பாது. பூஜை முடிந்தபின் போய்ச் சேரும் பூஜைச் சேலையை வாங்குவோர் குறைவு.

சேவை மீண்டும் தொடங்கியபோது, அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 சதவீதத் தீர்வையை அனுப்புபவரே பதிவின்போது முன்கூட்டிச் செலுத்தும் முறை வந்தது. விகிதம் எதுவானாலும், இந்த முறையால் பொருளின் விலை, அஞ்சல் கட்டணம், அயல்நாட்டுத் தீர்வை ஆகிய மூன்றும் பார்சல் சேரும் முன்பே விற்பவரின் கையிலிருந்து போய்விடுகின்றன.

1898 முதல் 2023 வரை: அஞ்சல் துறைக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள உறவு பழமையானது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1774-இல், பொதுமக்களுக்கான அஞ்சல் சேவை அங்குதான் தொடங்கியது. இன்றைய டல்ஹெளசி சதுக்கத்துத் தலைமை அஞ்சலகக் கட்டடம் 1868-இல் திறக்கப்பட்டது. அஞ்சல் துறையின் பொறுப்பை வரையறுத்த சட்டமும் பழையதே. 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பொருள் தொலைந்தாலும், தவறான இடத்தில் சேர்க்கப்பட்டாலும், தாமதமானாலும், சேதமடைந்தாலும் அரசுக்குப் பொறுப்பில்லை என்றது. அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டும் விலக்கு.

இந்தச் சட்டத்தின் வலிமையைக் காட்டிய ஒரு வழக்கு, இன்றைய இணைய வணிகத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின், இந்திய வணிகர் ஒருவர் வி.பி.பி. முறையில் பாகிஸ்தானுக்குப் பொருள்களை அனுப்பினார். பொருள்கள் சேர்ந்தன, அங்கே பணமும் வசூலானது. ஆனால், பாகிஸ்தான் அந்தப் பணத்தை இந்தியாவுக்கு அனுப்பவில்லை. வணிகர் இந்திய அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார். 1980-ஆம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டுகளில் இடம்பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. அஞ்சலகம் அனுப்புபவரின் முகவர் அல்ல, சாதாரணச் சரக்குப் போக்குவரத்து நிறுவனமும் அல்ல. அது அரசின் ஒரு பொதுச் சேவை என்று நீதிமன்றம் கூறியது.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக அஞ்சலக மசோதாவை மத்திய அரசு 2023 ஆகஸ்ட் 10-இல் மாநிலங்களவையில் அறிமுகம் செய்தது. டிசம்பர் 4-இல் அந்த அவையும், டிசம்பர் 18-இல் மக்களவையும் அதை நிறைவேற்றின. புதிய சட்டம் 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்தது. அஞ்சல்களை இடைமறித்துச் சோதிக்கும் அதிகாரம் குறித்தே அவைகளில் கூடுதல் சர்ச்சை எழுந்தது. சிறு வணிகரைப் பாதிக்கும் 10-ஆவது பிரிவு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. விதிகளில் குறிப்பிடப்படும் அளவைத் தவிர, எந்தச் சேவைக்கும் அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது அப்பிரிவு. மோசடியாகவோ வேண்டுமென்றோ இழப்பு விளைவித்தாலன்றி ஊழியருக்கும் பொறுப்பில்லை. 125 ஆண்டுகளுக்குப் பின் சட்டம் மாறியது, அடிப்படை மாறவில்லை.

இதே மத்திய அரசின் கீழுள்ள ரயில்வேயின் நிலை வேறு. சரக்கு தொலைந்தால் இழப்பீடு கோருவதற்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனித் தீர்ப்பாயமே இருக்கிறது.

கூரியரில் அனுப்பினால்?: தனியார் கூரியரில் அனுப்பினால் முழு இழப்பீடு கிடைத்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டி.எச்.எல். நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு இந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. 1990-ஆம் ஆண்டின் கோடைப் பருவ விற்பனைக்காக ஜெர்மனி வாடிக்கையாளருக்கு அனுப்பிய சரக்கின் ஆவணங்களை, அந்நிறுவனம் அவ்வாண்டு மே 25-இல் கூரியரில் ஒப்படைத்தது. உறை சேரவில்லை. நகல்கள் போய்ச் சேர்வதற்குள் பருவம் முடிந்துவிட்டது. 56,469 மார்க் தர வேண்டிய வாடிக்கையாளர் 35,000 மார்க் மட்டுமே தர ஒப்புக்கொண்டார். மாநில நுகர்வோர் ஆணையம் ரூ. 4.29 லட்சம் வழங்க உத்தரவிட்டது. தேசிய ஆணையமோ, ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனைப்படி 100 டாலர்தான் என்றது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கையெழுத்திட்ட நிபந்தனை, கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம்.

விமானப் போக்குவரத்து குறித்த 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. சரக்குகளுக்கு எடைக் கணக்கில் இழப்பீடு வழங்க அது வகை செய்கிறது. ஆனால் அஞ்சல் பைகளைப் பொருத்தவரை, விமான நிறுவனம் அஞ்சல் நிர்வாகத்துக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டது, அனுப்பியவருக்கு அல்ல.

‘விற்பவர் பாதுகாப்பு’ எவ்வளவு தூரம்?: இணையப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் ‘விற்பவர் பாதுகாப்பு’ என்ற திட்டத்தை வைத்துள்ளன. ‘பேபால்’ நிறுவனத்தில், பொருள் வரவில்லை என்று வாங்கியவர் பணம் செலுத்திய 180 நாள்களுக்குள் புகார் செய்யலாம். பொருள் சேர்ப்பிக்கப்பட்டது என்பதற்கு அஞ்சல் அல்லது கூரியர் நிறுவனத்தின் பதிவைக் காட்டினால் விற்றவருக்குப் பாதுகாப்பு உண்டு. பணப் பரிமாற்றப் பதிவில் உள்ள அதே முகவரிக்கு அனுப்பியிருக்கவும் வேண்டும். வாங்கியவர் பிறகு தனியே தெரிவித்த வேறு முகவரிக்கு அனுப்பினால் பாதுகாப்பு போய்விடும்.

சிக்கல் இங்கேதான். சுங்கத்தில் முடங்கிய பார்சலுக்கும், தீர்வை கட்ட மறுத்து வாங்கியவர் திருப்பி அனுப்பிய பார்சலுக்கும் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்ற பதிவு ஒருபோதும் வராது. விற்றவர் பக்கம் தவறே இல்லாவிட்டாலும் அவரிடம் சான்று இருக்காது. ஐரோப்பிய யூனியன் 22 யூரோ வரையிலான பார்சல்களுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. வாசலில் வரி கேட்டால் பார்சலே வேண்டாம் என்று சொல்லிவிடும் வாடிக்கையாளரை அங்கும் எதிர்பார்க்க வேண்டியுள்ளது. ‘எட்ஸி’ இணையதளம் 2022-இல் தொடங்கிய திட்டத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்ட 250 டாலர் வரையிலான விற்பனைகளில், வாங்கியவருக்குத் தரும் பணத்தை நிறுவனமே ஏற்கிறது. இது விதிவிலக்கு, விதி அல்ல.

காலக்கெடுவிலும் பொருத்தமில்லை. சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதிகளின்படி, பார்சல் அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விசாரணை கோரலாம். இரு நாட்டு அஞ்சல் நிர்வாகங்களும் எழுதிப் பதில் பெற்று முடிப்பதற்குள், இணையதளத்தில் புகார் மீது முடிவெடுக்கப்பட்டு, பணம் வாங்கியவருக்குப் போய்விடுகிறது.

திரும்பி வந்தாலும் வரி: பார்சல் திரும்பி வந்தால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. ஏற்றுமதியான பொருள் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பினால், 2017 ஜூன் 30-ஆம் தேதிய சுங்க அறிவிக்கையின் கீழ் சலுகை உண்டு. ஆனால், ஏற்றுமதியின்போது பெற்ற சலுகைகளைத் திருப்பிக் கட்ட வேண்டும். உதாரணமாக, ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. செலுத்தாமல் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் சேலை அனுப்பிய ஒருவர், அதே சேலை விற்காமல் திரும்பும்போது அந்த வரியைச் செலுத்திய பிறகே எடுக்க முடியும். பதிவு பெற்றவர் பின்னர் அதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கையிலிருக்கும் ரொக்கம் முடங்குகிறது. சுங்கப் படிவத்தில் ‘திருப்பி அனுப்புக’ என்று குறித்திருந்தால் பார்சலுக்குத் திரும்பு கட்டணமும் கேட்கப்படலாம். ‘கைவிடப்பட்டது’ என்று குறித்தால் கட்டணம் மிஞ்சும், பொருள் மிஞ்சாது.

சில சலுகைகள்: மத்திய அரசு இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற முடியாது. 2022-இல் தொடங்கிய அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவ்வாண்டு டிசம்பரில் மின்னணுச் சுங்கப் படிவ முறை வந்தது. ரூ. 10 லட்சம் வரையிலான ஏற்றுமதிக் கணக்குகளை, ஏற்றுமதியாளரின் உறுதிமொழியின் பேரில் வங்கிகள் முடித்துவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அனுமதித்தது. பணம் வராத பார்சல், வங்கிக் கணக்கில் நிலுவையாகத் தொங்கும் தொல்லை இதனால் குறையும். 2026 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில், கூரியர் ஏற்றுமதிக்கு இருந்த ரூ. 10 லட்சம் உச்சவரம்பை நீக்குவதாகவும், மறுக்கப்பட்டுத் திரும்பும் பார்சல்களைக் கையாளும் முறை மேம்படுத்தப்படும் என்றும் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். திரும்பும் பார்சலும் ஒரு பிரச்னை என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

என்ன செய்யலாம்?: விற்பவர் தம்மளவில் செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. கண்காணிப்பு எண் இல்லாத அஞ்சலில் அனுப்பாதிருத்தல், மதிப்பைக் குறைத்துக் காட்டாமல் காப்பீடு செய்தல், அயல்நாட்டுத் தீர்வையை யார் செலுத்துவது என்பதை விற்பனை அறிவிப்பிலேயே எழுதுதல், பார்சல் தாமதமானதும் ஆறு மாதக் கெடு முடியும்வரை காத்திராமல் விசாரணை கோருதல் ஆகியவை அவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவோர் ‘வணிக நோக்கம்’ என்ற விலக்கில் வரமாட்டார்கள். எனவே கூரியர் நிறுவனத்தின் மீது சிறு விற்பனையாளர் தாம் வசிக்கும் கொல்கத்தாவிலேயே புகார் செய்யலாம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சுயதொழில் விலக்குக்கு விளக்கம் அளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பில், இயந்திரம் வாங்கிய நிறுவனத்துக்கு அவ்விலக்கு கிடைக்கவில்லை. தாமே உழைத்துப் பிழைப்பவருக்கு உண்டு என்ற கோட்பாடு நிலைபெற்றது.

குறைந்த கட்டணம் வாங்கும் அஞ்சல் துறை, பொருளின் முழு மதிப்புக்கும் பொறுப்பேற்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், பூஜ்யத்துக்கும் முழு மதிப்புக்கும் நடுவே இடம் நிறைய உண்டு. ஏற்றுமதி மையங்களில் பதிவாகும் பார்சல்களுக்காவது, மதிப்புக்கேற்ற கட்டணம் பெற்று ஒரு குறிப்பிட்ட தொகை வரை பொறுப்பேற்கலாம். சேவை நிறுத்தம் போன்ற காலங்களில் ‘அனுப்புபவர் தவறல்ல’ என்ற சான்றிதழை அஞ்சலகமே வழங்கினால், இணையதளங்களிடம் காட்ட அவர்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பொறுப்பின் அளவை விதிகளில் குறிப்பிடலாம் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவே இடமளிக்கிறது. விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்பும் வைக்கப்பட வேண்டியவை. கொல்கத்தா காந்தா சேலைக்கு மட்டுமன்றி, சென்னை வழியாகச் செல்லும் மதுரைச் சுங்குடிக்கும் அதே விதிதான். உறுப்பினர்கள் கேள்வி எழுப்ப இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.