சம்பள நாளைக் காத்த சிப்பாய்கள்

இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) என்றதும் சிங்கப்பூர்த் திடலும் இம்பால் போர்முனையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வித்து விழுந்த இடம் மலாயாவின் கெடா மாநிலம். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி சிதறியபோது, படையிலிருந்து பிரிந்த பஞ்சாப் ரெஜிமெண்ட் கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் கியானி பிரீத்தம் சிங்கையும் சந்தித்துப் பேசினார். முதல் ஐ.என்.ஏ. அந்தப் பேச்சிலிருந்துதான் முளைத்தது.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பெருவாரியாகச் சீருடை போட்டது அதற்குப் பிறகு, 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பின்புதான். நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பால்மரம் வெட்டு நின்றுபோயிருந்தது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாகியிருந்தது. சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். போதாக்குறைக்கு ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தில் பெயர் கொடுத்தால் ரயிலுக்குப் போகாமல் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் நிறையப் பேர்.

1943 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் நடந்தவற்றைப் பாருங்கள். 17ஆம் தேதி சயாம் ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 18ஆம் தேதி கெடாவை ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 21ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். தகப்பன் சயாமில், மகன் பட்டாளத்தில், தாய் லயத்தில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடந்த வாரம் அது.

பட்டாளத்திலிருந்து பெரட்டுக்கு

1945இல் போர் முடிந்தது. பிழைத்தவர்கள் பதக்கமோ ஓய்வூதியமோ இல்லாமல் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். விடியற்காலைப் பெரட்டில் அதே கிராணி பெயர் கூப்பிட்டார். அதே கங்காணி அதட்டினார். ஆனால் கைகட்டி நிற்க இவர்களுக்கு மனம் வரவில்லை. சாதியும் மதமும் பார்க்காமல் ஒரே சமையலில் சாப்பிட்டுப் பழகியவர்கள், துப்பாக்கி பிடித்து நிமிர்ந்து நின்றவர்கள்.

அந்த நிமிர்வுக்கு உருவம் கொடுத்தது தொண்டர் படை. கெடாவின் பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் 1946 வாக்கில் அது வலுப்பெற்றது. சீருடை, மாலையில் அணிவகுப்புப் பயிற்சி என்று எல்லாவற்றிலும் ஐ.என்.ஏ.யின் சாயல் தெரிந்தது. முன்னாள் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். லயத்தைச் சுத்தமாக வைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று பல வேலைகள் நடந்தாலும், அவர்கள் குறிவைத்த எதிரி கள்ளுக்கடை.

கள்ளுக்கடையின் கணக்கு விசித்திரமானது. காலையில் மரம் வெட்டி, பாலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, உடம்பு வலியோடு வருகிறவனுக்குக் கடை பக்கத்திலேயே திறந்திருக்கும். கடனுக்கும் ஊற்றுவார்கள். சம்பள நாளன்று கடன் கழிந்த மிச்சம்தான் வீட்டுக்கு வரும். அரிசிக்கு என்ன செய்வது என்று பெண்டாட்டி கேட்டால் அடிதடி. கடை லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்குப் போகிறது என்று நிர்வாகம் நியாயம் சொல்லும். அவன் பணத்தில் அவனுக்கே தர்மம்!

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராகத் தொழிலாளர்கள் திரண்டார்கள். போலீஸ் தலையிட்டுக் கூட்டத்தைக் கலைத்தது. மார்ச்சில் ஹார்வர்டு தோட்டத்தில் மோதல், கைது, சிறை. ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தொண்டர்கள் ஆட்களை மிரட்டுகிறார்கள் என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு. குடிகாரர்களிடம் அவர்கள் கறாராகத்தான் இருந்தார்கள். ஆனால் கள்ளை ஒழிப்பதை அரசு வெறும் ஒழுக்கப் பிரச்சாரமாகப் பார்க்கவில்லை. குடிக்காத தொழிலாளி கூலி உயர்வு கேட்பான் என்பது அதற்குத் தெரிந்தே இருந்தது.

பேசாமல் போனது ஏன்?

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியும் ஐ.என்.ஏ.க்காரர்தான். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக அவரை 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். அதற்குப் பின் தோட்டங்களில் எந்தத் தகப்பன் பழைய கதையைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்வான்? நேதாஜி படத்தைச் சுவரில் மாட்டலாம். தொண்டர் படைப் பேச்சை எடுத்தால் ஆபத்து. ஆகவே பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது பாதிக் கதை. தாத்தா பர்மாவுக்குப் போனார் என்பது தெரியும். பீடோங்கில் யாரோடு நின்றார் என்பது தெரியாது.

1943இல் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் இன்று இருந்தால் நூறு வயதைத் தொட்டிருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனம் சுங்கைப்பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நேரில் நின்ற சாட்சிகள் அரிதாகிவிட்டார்கள், இடமும் இல்லை.

அந்தச் சிப்பாய்கள் போரிட்டது மலேசிய நாட்டுப் படையில் அல்ல என்பதால் முன்னாள் படைவீரர் கணக்கில் வரமாட்டார்கள். இந்தியாவின் கணக்கிலும் டில்லியை எட்டாத படைதான். ஆனால் சம்பளம் அடுப்பங்கரைக்கு முழுசாக வந்துசேர வேண்டும் என்று கள்ளுக்கடை வாசலில் நின்றது, இம்பாலைப் போல வெறும் தோல்வியில் முடியவில்லை. குடிக்காத தகப்பன் வீட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அதன் பலன். ஆகவே நினைவு நாளில் நேதாஜி படத்துக்கு மாலை போடும் குடும்பங்கள், 1947இல் தாத்தா என்ன செய்தார், பாட்டி எப்படிக் குடும்பத்தை ஓட்டினார் என்பதையும் உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். படைவீரரும் குடும்பஸ்தரும் ஒரே ஆள்தான் என்பது அப்போதுதான் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.