மெழுகுக் காகிதமும் குரலினிமையும்

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளின் குரலிலே ஒரு தனி இனிமை உண்டென்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தந்தையார் விட்டுச்சென்ற பெட்டியொன்று எம் வீட்டில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் கிராமபோனை இணைத்து இசைத்தட்டுகள் கேட்பதுண்டு. அரைமணி நேரம் சென்றால் பாட்டிலே ஒரு தழுதழுப்பு ஏறும். அதனை முதுமையின் கனிவென்றே கொண்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்த திருத்துநர் அவ்வாறு கொள்ளவில்லை.

“மாஸ்ரர், இது இனிமையில்லை. வால்வு வேகுது,” என்றார்.

குற்றம் வால்வுக்கு முன்னே நிற்கும் ஒரு சிறு கொள்ளளவியினுடையது. (கடைத்தெருவில் அதற்குக் கொண்டென்சர் என்றே பெயர்.) இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள், இடையே காகிதம், சுருட்டி மெழுகிட்டிருப்பார்கள். இசையாகிய ஆடலோட்டத்தை உள்ளே விட்டு, முன்னைய வால்வின் உயரழுத்த நேரோட்டத்தை வெளியே நிறுத்தும் வாயிற்காவலன் அது. காகிதமோ ஈரத்தை உறிஞ்சும் பொருள். எமது கடற்கரைக் காற்றின் தன்மையைச் சொல்லவேண்டியதில்லை. ஆண்டுகள் செல்லக் காவலன் சோர்ந்துவிடுகிறான். ஓர் அம்பியரின் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு ஒழுகினாற் போதும். 470,000 ஓம் தடையிலே அது 2.35 வோல்ற்றை எழுப்பிவிடும். ஈ.எல்.84 போன்ற வால்வை அடக்கிவைப்பது ஏறக்குறைய 7 வோல்ற் அழுத்தமே. அதில் மூன்றிலொரு பங்கு இவ்வாறு கழிந்தால் மின்னோட்டம் பெருகும், வால்வு கொதிக்கும், குரல் பிறழும். பெட்டி சூடேறச் சூடேற ஒழுக்கும் கூடும். நான் போற்றிய அரைமணி நேரக் கனிவின் இரகசியம் இதுவே!

பழைய கொள்ளளவிகளிலேதான் நாதம் உண்டென்பார் உளர். 1950களின் பிற்பகுதியில் கிப்சன் லெஸ்போல் கிற்றார்களில் அமைந்த, வண்ணக் கோடுகளையுடைய ‘பம்பிள்பீ’களைப் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். கிற்றாரிலே அவை உயரழுத்தம் எதனையும் தாங்குவதில்லை. சிறிது ஒழுகினாலும் கேடில்லை. வானொலிப் பெட்டியின் கதை வேறு. அங்கே ஒழுக்கு வால்வையே கொன்றுவிடும். என் பெட்டியிலிருந்த மைக்காக் கொள்ளளவிகள் மட்டும் இன்றும் பழுதின்றி இருந்தன.

காகிதத்தாலானவை ஏழு. அவற்றைக் கழற்றிப் பொலியெஸ்ரர் படலத்தாலானவற்றைப் பொருத்தினார். மீண்டும் இசைத்தட்டைச் சுழலவிட்டோம். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் வெவ்வேறாகக் கேட்டன. ஒரு மணி நேரமாகியும் குரல் தழுதழுக்கவில்லை.

அடுக்களையிலிருந்து வந்த தமக்கையார் சிறிது நேரம் நின்று கேட்டார்.

“இது அப்பாவின்ரை றேடியோச் சத்தம் இல்லை,” என்று கூறிவிட்டுப் போய்விட்டார்.

கழற்றிய ஏழையும் ஒரு போத்தலில் இட்டுப் பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன்.