எந்த டெர்மினல், தங்கச்சி?

சபா, சரவாக் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கும் தம்பி தங்கைகள் இந்நேரம் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். சான்றிதழ் நகல், கடப்பிதழ் அளவுப் படம், வாளி, தலையணை உறை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஈராண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டேன். அதில் கோலாலம்பூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு மணி நேரப் பயணம்தானே, அதற்கென்ன தயாரிப்பு என்று நினைத்துவிட்டேன்.

எனக்கு ஈப்போ. இடம் கிடைத்தது கோத்தா கினபாலுவில். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அப்பா ஒரு முறை, மாமாவை வழியனுப்ப, பழைய சுபாங் விமான நிலையம் வரை போயிருக்கிறார். அவர் மனத்தில் விமான நிலையம் என்றால் இன்னமும் அதுதான். ஊருக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கட்டடம்.

1998 ஜூனில் அந்த நிலைமை மாறிவிட்டது. நாட்டின் முதன்மை விமான நிலையம் சிப்பாங்குக்குப் போனது. நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல். 2014 மே மாதம் அதே வளாகத்தில் இரண்டாவது முனையமும் திறக்கப்பட்டது. தூரம் கூடியது ஒன்று, கட்டடம் இரண்டானது மற்றொன்று. எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது இரண்டாவது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் போக விரைவு ரயில் இருக்கிறது. முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதற்கு 33 நிமிடம். மழையானாலும் வெயிலானாலும் அதே கணக்குதான். ஆனால் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 55 ரிங்கிட், போய்வர 100. பேருந்தில் நாங்கள் கொடுத்தது ஆளுக்கு 15 ரிங்கிட். நான் போக மட்டும், அப்பா போய்வர. ரயில் என்றால் 155, பேருந்து என்றால் 45. வித்தியாசம் 110 ரிங்கிட். அப்பா தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில்தான் என் விமானச் சீட்டே வாங்கியிருந்தோம். அந்த 110 ரிங்கிட்டை அரை மணி நேரத்துக்காகக் கொடுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் பேருந்து என்றுதான் சொல்வேன். தவறு பேருந்தில் ஏறியதில் இல்லை, ஏறிய விதத்தில்.

என் விமானம் வெள்ளிக்கிழமை மாலை 6.40க்கு. மறுநாள் காலை பல்கலைக்கழகப் பதிவு. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து சேர்ந்தபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. நேரம் நிறைய இருக்கிறதென்று அப்பா பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அழைத்துப் போனார். விடுதி அறையில் வைக்கச் சிறிய முருகன் படம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சாப்பிடவில்லை. அம்மா புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தார். விமான நிலையத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாவகாசமாகச் சாப்பிடுவது என்பதுதான் திட்டம். சொல்லப்போனால், அந்த நாளில் அப்பா எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சாப்பாட்டைத்தான்.

மூன்று மணிப் பேருந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழ்த்தளத்தில் இருக்கும் சீட்டு முகப்புக்குப் போனோம். இடம் இல்லை. அடுத்தது 3.30. பகிர்ந்து போகும் வண்டியில் இது முதல் பாடம்: அட்டவணையில் வண்டி இருக்கலாம், உங்களுக்கு இருக்கை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சரி, 3.30க்கு ஏறினால் 4.30க்குப் போய்விடலாம், இரண்டு மணி நேரம் மிச்சம் என்று அப்பா விரல்விட்டு எண்ணிச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வண்டி வந்ததும் ஓட்டுநர் இறங்கிப் பெட்டிகளை அடியில் அடுக்கத் தொடங்கினார். நம்மவர்தான். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "எந்த டெர்மினல், தங்கச்சி?" என்று கேட்டார்.

"கே.எல்.ஐ.ஏ., அண்ணே."

"கே.எல்.ஐ.ஏ.தானே?"

"ஆமாண்ணே."

பெட்டி ஒரு பக்க அறைக்குள் போனது. வேறு சிலருடைய பெட்டிகள் இன்னொரு பக்கம் போயின. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். இரண்டாவது முனையத்தின் பழைய பெயர் கே.எல்.ஐ.ஏ.2. முதல் முனையத்தை வெறும் கே.எல்.ஐ.ஏ. என்றே சொல்வார்கள். 2023இல் இரண்டையும் முனையம் 1, முனையம் 2 என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறினாலும் பேச்சு உடனே மாறிவிடுமா? எனக்குக் கே.எல்.ஐ.ஏ. என்றால் மொத்த விமான நிலையம். அந்த அண்ணனுக்கு அது முதல் முனையம். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, தலையாட்டி, வெவ்வேறு இடத்தைப் புரிந்துகொண்டோம். அவர் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டார். சீட்டைப் பார்த்துச் சொல்லாதது என் குற்றம்.

பேருந்து நிரம்பியிருந்தது. எங்களுக்கு முன் இருக்கையில் வெள்ளை உடையில் உம்ரா போகும் மலாய்த் தம்பதி. பின்னால் ஊர் திரும்பும் வங்காளதேசத் தொழிலாளர்கள் மூவர். மடியில் ஒரு பெரிய போர்வைப் பையை அணைத்தபடி அதில் ஒருவர் தூங்கிக்கொண்டே வந்தார். வலப்பக்கம் சீருடை அணிந்த ஒரு பெண், விமான நிலையத்தில் வேலை போலிருக்கிறது, ஏறியதும் காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

நகரைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாலை, அதுவும் மழை. கோலாலம்பூர்ச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. வண்டி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நான்கு மணி, நான்கேகால். முன்னால் இருந்த மக்சிக் கையிலிருந்த தஸ்பீஹை உருட்டிக்கொண்டே அடிக்கடி கணவரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். அந்த வண்டியில் ஆளுக்கொரு விமானம், ஆளுக்கொரு நேரம். வண்டிக்கு மட்டும் ஒரே நேரம். வாடகைக் காராக இருந்தால் "அண்ணே, வேறு வழி இருக்கா?" என்று கேட்கலாம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் யாரை என்ன கேட்பது?

அப்போதுதான் சீட்டை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 6.40. கீழே சிறிய எழுத்தில், பெட்டி ஒப்படைக்கும் முகப்பு புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன் மூடப்படும் என்று இருந்தது. ஆக, என் விமானத்தின் நேரம் 6.40 இல்லை, 5.40. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். அதே சீட்டில் முனையத்தின் எண்ணும் இருந்தது. பதற்றத்தில் என் கண்ணில் நேரம் பட்டதே தவிர அந்த எண் படவில்லை.

புத்ராஜெயா, சைபர்ஜெயா பலகைகளைத் தாண்டியதும் சாலை விட்டது. இரு பக்கமும் செம்பனை. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வண்டி நின்றது. ஓட்டுநர் ஏதோ அறிவித்தார். மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சன்னல் வழியே பார்த்தால், என் பெட்டி நடைபாதையில் இறங்கி நின்றது. பெட்டியே இறங்கிவிட்டதே, பிறகென்ன? நாங்களும் இறங்கினோம். வண்டி கிளம்பிவிட்டது.

ஐந்தாம் மாடிப் புறப்பாட்டு மண்டபம் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி, திரையில் என் விமானத்தைத் தேடினேன். இல்லை. இரண்டு முறை தேடினேன். தகவல் முகப்பிலிருந்த அக்கா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டெர்மினல் 1, அடெக். உங்களுக்கு டெர்மினல் 2" என்றார். மணி 5.08.

இரண்டு முனையங்களுக்கும் இடையே நடந்து போக முடியாது. இலவசப் பேருந்து உண்டு. விரைவு ரயிலிலும் போகலாம், 2 ரிங்கிட், மூன்று நிமிடம். ரயில் என்றார் அந்த அக்கா. மின்தூக்கியில் முதல் மாடிக்கு இறங்கினோம். நகரிலிருந்து வர 110 ரிங்கிட்டை மிச்சம் பிடித்தவர்கள், கடைசி மூன்று நிமிடத்தை அதே ரயிலில்தான் போனோம். அப்பாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

இரண்டாவது முனையத்தில் ரயில் நிற்பது ஒரு பேரங்காடியின் அடியில். அங்கிருந்து கடைகளுக்கு நடுவே நடந்து மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டும். முகப்பில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு சீனக் குடும்பம் என் முகத்தைப் பார்த்தே வழிவிட்டது. பெட்டியைத் தராசில் வைத்தபோது 5.34.

விமானத்தைப் பிடித்துவிட்டேன். ஆனால் சாப்பாடு நடக்கவில்லை. பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகு நீண்ட நடை. வாயில் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடும். உள்ளே போகும் வழியில் நானும் அப்பாவும் நின்றது ஐந்து நிமிடம் இருக்குமா? "அடையாள கார்டு பத்திரம்மா" என்றார். கோத்தா கினபாலுவில் இறங்கியதும் நம் நாட்டவருக்கும் குடிநுழைவுச் சோதனை உண்டு, அதைத்தான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுப் பையை என்னிடம் நீட்டினார். ராத்திரி ஈப்போ போய்ச் சேர நேரமாகும், நீங்க வச்சுக்குங்கப்பா என்றேன். அவ்வளவுதான். கீழே பேருந்து நிறுத்தத்தில், பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டதாகப் பிறகு அம்மாதான் சொன்னார். என் பங்கைப் பிரிக்காமல் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாராம்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதே பேருந்தில் போய்விட்டேன். இப்போது நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுகிறேன். விமானம் 6.40 என்றால் முகப்பு மூடுவது 5.40. வரிசைக்கும் நடைக்கும் ஒரு மணி நேரம், 4.40. சாலைக்கு, அட்டவணை என்ன சொன்னாலும், இரண்டு மணி நேரம், 2.40. ஒரு வண்டியில் இடம் கிடைக்காமல் போகலாம், அதற்கு அரை மணி. ஆக, 2.10க்கு நான் கே.எல். சென்ட்ரல் கீழ்த்தளத்தில் சீட்டோடு நிற்க வேண்டும். முடிந்தால் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுகிறேன். பேருந்தில் கழிவறை கிடையாது. ஏறுமுன் போய்விடுவது நல்லது, மழை நாளில் இது சிறிய விஷயமே இல்லை. சாலை காலியாக இருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் என்ன நட்டம்? உட்கார்ந்து சாப்பிடலாம். அதிகாலை விமானமென்றால் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். நேரம் உண்மையிலேயே குறைவாக இருந்தால், பேசாமல் 55 ரிங்கிட் கொடுத்து ரயில் ஏறுங்கள். விட்டுப்போன விமானத்துக்கு மறுசீட்டு வாங்குவதைவிட அது மலிவு.

ஈப்போக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமான்ஜெயா முனையத்திலிருந்து நேராக விமான நிலையத்துக்கே பேருந்து போகிறது. பெட்டியை ஏற்றி இறக்கும் வேலை மிச்சம். அதிலும் ஓட்டுநர் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

முதல் பருவ விடுமுறை முடிந்து நான் திரும்பிய நாளில், அப்பா என் பெட்டியின் கைப்பிடியில் ஒரு தடித்த அட்டையைக் கம்பியால் கட்டியிருந்தார். கறுப்பு மார்க்கரில், பேருந்தின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்கு, 'டெர்மினல் 2'. கூட்டாளிகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவிழ்க்கப் போனேன், அம்மா முறைத்ததால் விட்டுவிட்டேன். ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமலேயே பெட்டியைச் சரியான பக்கத்தில் வைத்தார்.

போன தீபாவளிக்கு மலிவாகக் கிடைத்த சீட்டு வேறொரு நிறுவனத்துடையது. திரும்பும் விமானம் முதல் முனையத்திலிருந்து. அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேனே என்று கிளம்பும் அன்று காலையில் அவசரமாகச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்: 'டெர்மினல் 1'.