மானிடவியலும் நாமும்: ஓர் அறிமுகம்

மட்டக்களப்பின் கரையோரக் கிராமமொன்றில் ஒருநாள் வினாக்கொத்துடன் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் பாயை விரித்து இருக்கச் சொன்னார். "குடும்பத் தலைவர் யார்?" என்பது எனது முதற் கேள்வி. அவர் கணவரின் பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். எல்லாக் கேள்விகளும் முடிந்து நான் புறப்பட எழுந்தபோது அவர் கேட்டார்: "மகள், இந்த வளவும் வீடும் எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. இனி இது என்ட கடைசி மகளுக்கு. அத எழுத உங்கட தாள்ல இடமில்லையா?"

இடம் இருக்கவில்லை. அந்த வினாக்கொத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் சமூகவியலுடன் சேர்த்துப் படித்த மானிடவியல் என்ற பாடம் எதற்காக என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மானிடவியல் என்றால் என்ன?

மனிதரை முழுமையாக ஆராயும் இயலே மானிடவியல் ஆகும். மனிதர் எவ்வாறு தோன்றினர், எவ்வாறு வாழ்ந்தனர், எதை நம்புகின்றனர், யாரை உறவு என்கின்றனர் என்பன யாவும் இதனுள் அடங்கும். இதனை நான்கு கிளைகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

முதலாவது, உயிரியல் மானிடவியல். மனித உடலின் தோற்றத்தையும் மாற்றத்தையும் இது ஆராய்கிறது. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் குகையில் கிடைத்த, 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் பற்றிய ஆய்வு இதற்கு நம் நாட்டு உதாரணம். இரண்டாவது, தொல்லியல். பொம்பரிப்பில் வெளிப்பட்ட ஈமத்தாழிகளும், 1980 இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையும், எழுதிவைக்காமல் மறைந்துபோன மக்களைப் பற்றி நமக்குச் சொல்கின்றன.

மூன்றாவது, மொழியியல் மானிடவியல். அம்மாவின் சகோதரனை மாமா என்கிறோம். அப்பாவின் சகோதரனைப் பெரியப்பா அல்லது சித்தப்பா என்கிறோம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். மாமாவின் மகள் மச்சாள், சித்தப்பாவின் மகள் தங்கச்சி. யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்ற சட்டமே இச்சொற்களுக்குள் இருக்கிறது.

நான்காவது, சமூக, பண்பாட்டு மானிடவியல். குடும்பம், திருமணம், சமயம், சொத்து, அதிகாரம் என்பவற்றை ஆராயும் இக்கிளையே எம்மைப் போன்ற களப்பணியாளருக்கு மிக நெருக்கமானது. இதில் இலங்கையர் இருவர் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா (1929–2014). மற்றவர் கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த பெண் துறவிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 1981 இல் நூலாக்கிய கணநாத் ஒபயசேகர (1930–2025).

எவ்வாறு ஆராய்கின்றனர்?

சமூகவியலாளர் பெரும்பாலும் பலரிடம் சில கேள்விகளைக் கேட்கின்றனர். மானிடவியலாளரோ சிலருடன் நெடுங்காலம் வாழ்கின்றனர். அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுடைய வேலைகளிலும் நன்மை தீமைகளிலும் கலந்துகொண்டு, பார்ப்பதை அன்றாடம் குறித்துவைப்பதே பங்குபற்றும் அவதானம் எனப்படுகிறது. போலந்தில் பிறந்த மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரையான காலத்தில், இன்றைய பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் இருமுறை தங்கி இம்முறையை நிலைநிறுத்தினார்.

இதனுடன் ஆழமான நேர்காணல், வாழ்க்கை வரலாறு, கிராமத்தின் வரைபடம், வம்சாவளி வரைதல் என்பனவும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுள் வம்சாவளி முறை எமக்குப் பெரிதும் உதவக்கூடியது. "உங்கள் அம்மா யார்? அவருக்கு இந்த வீட்டை யார் கொடுத்தது?" என்று கேட்டு ஒரு தாளில் கோடு போட்டால், வினாக்கொத்தில் அகப்படாத பலவும் அகப்பட்டுவிடும்.

பார்க்கத் தவறிய பெண்கள்

எனினும் எத்தனை காலம் தங்கினாலும் யாருடன் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே நமக்குக் காட்சி தெரியும். டிரோபிரியாண்டில் ஆண்கள் கடல் கடந்து சென்று சங்கு அணிகளைப் பரிமாறுவதை மலினோவ்ஸ்கி மிக விரிவாக எழுதினார். 1971 இல் அதே தீவுகளுக்குச் சென்ற அனெட் வைனர் என்ற பெண் ஆய்வாளர் கண்டது வேறொன்று. மரணச் சடங்கின்போது இறந்தவரின் தாய்வழிப் பெண்கள் முன்னின்று, வாழையிலைச் சருகுக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் பங்கிட்டுக் கொடுத்தனர். அவை பெண்கள் செய்து சேர்க்கும் செல்வம், ஒரு குடும்பத்தின் மதிப்பே அதில் தங்கியிருந்தது. முன்னையவர் அதனை முக்கியமானதாகக் கணக்கெடுக்கவில்லை. வைனரின் நூல் 1976 இல் வெளிவந்தது.

இது எங்கோ ஒரு தீவின் கதை மாத்திரமல்ல. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்தவர். அங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடையேயும் குடி தாய்வழியாக வருவதையும், பெற்றோர் மகளுக்கு வீடு கொடுக்க மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். கிழக்கில் நமக்கு இது தெரிந்த விடயம்தான். ஆனால் 2004 டிசம்பர் சுனாமியின் பின் புதிய காணிகளும் வீடுகளும் வழங்கப்பட்டபோது, "குடும்பத் தலைவர்" என்ற ஒரு சொல்லை வைத்துப் பல இடங்களில் ஆண்களின் பெயரிலேயே உரிமை எழுதப்பட்டது. தாயிடமிருந்து வந்த வீட்டைக் கடலில் இழந்த பெண்ணுக்கு, புதிய வீட்டில் தன் பெயர் இல்லாமற் போனது. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தன. படிவத்தில் தவறாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி ஒரு பெண்ணின் வீட்டையே பறித்துவிடக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆய்வும் அறமும்

மானிடவியலின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கங்களும் உள்ளன. குடியேற்றவாதக் காலத்தில் பல நாட்டுப் பழங்குடியினரின் எலும்புகள் கூட "ஆய்வுப் பொருட்கள்" என்று எடுத்துச் செல்லப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த, நமது வேடுவ மக்களின் ஒன்பது மண்டையோடுகள் 2019 நவம்பரில் அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைக்கப்பட்டன. மலினோவ்ஸ்கி இறந்தபின் 1967 இல் வெளியான அவரது நாட்குறிப்பிலோ, தாம் ஆராய்ந்த மக்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் காணப்பட்டன.

இத்தகைய அனுபவங்களிலிருந்து சில நெறிகள் உருவாகின. முதலாவது, யாருக்கும் தீங்கு செய்யாதிருத்தல். இரண்டாவது, நோக்கத்தை விளக்கிச் சம்மதம் பெறுதல். மூன்றாவது, அடையாளத்தைக் காத்தல். நான்காவது, கண்டறிந்ததை அம்மக்களுக்கே திருப்பிச் சொல்லுதல்.

இவற்றை நான் பரீட்சைக்காக மனனம் செய்தவள். ஆயினும் தவறினேன். சில வருடங்களுக்கு முன், வீட்டு வன்முறையிலிருந்து மீண்டு தையல் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் கதையைக் கையேடு ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன். பெயரை மாற்றினேன். ஆனால் மூன்று பெண்பிள்ளைகள், கோயிலடி வீடு, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தேன். கையேடு அவருடைய ஊருக்கும் போனது. கணவனின் உறவினர் வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தனர். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் ஏசவில்லை. "பேரை மறைச்சீங்க மிஸ், முகத்த மறைக்கல்லையே" என்றார். எஞ்சிய கையேடுகளைத் திருப்பி எடுத்தோம். ஆனால் ஊர் வாசித்துவிட்டதை எப்படித் திருப்பி எடுப்பது?

அன்றிலிருந்து எதை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் உரியவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். "இத எடுத்திருங்க" என்று அவர் சொன்னால் எடுத்துவிடுகிறேன். எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும் சரியே.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் யாராவது படிவத்துடன் வரக்கூடும். இந்தத் தகவல் எதற்காக, யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாதிருக்க உங்களுக்கு உரிமையுண்டு. கேட்கப்படாத முக்கியமான விடயம் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். என்னைப் போல் படிவத்துடன் செல்பவர்களே, முதலில் பாயில் சற்று நேரம் இருங்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். எமது வினாக்கொத்தில் இப்போது "இந்த வீடும் வளவும் யாருடையது? யாரிடமிருந்து வந்தது?" என்ற இரு கேள்விகள் சேர்ந்துள்ளன. முதற் பதிலாக அவருடைய பெயரை எழுதினேன்.