அடுப்புக்கு ஓர் இடம்

சென்னை கொரட்டூரில் எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டு மாடியில் ஓர் ஒற்றை அறை இருக்கிறது. பத்துக்குப் பத்து. பக்கத்தில் தகரக் கூரை போட்ட குளியலறை. முன்பெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள் இருப்பார்கள். சில வருஷமாக முகப்பேர் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘அறையில் சமைக்கக் கூடாது.’

போன ஆவணியில் மேற்கு வங்கத்துக் குடும்பம் ஒன்று அங்கே வந்து இறங்கியது. அப்பா, அம்மா, இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அந்தக் குழந்தை ஓடி விளையாடவில்லை. நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்ளும். உதடும் விரல் நகமும் நாவல் பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தன. பிறவி இதயக் கோளாறு. ‘டேட்’ கொடுத்துவிட்டார்கள், மூன்று நாளில் அட்மிஷன், இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் போட்டிருந்த கணக்கு. நீண்ட ரயில் பயணம் முடிந்து வந்ததும் குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தேதியைத் தள்ளி வைத்தார். சரியான முடிவுதான். சளி கட்டிய நுரையீரல், இதய ஆபரேஷனையும் அதன் பிறகு வரும் வென்டிலேட்டரையும் தாங்குவது கஷ்டம். முழுக்கச் சரியாக இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

அந்த மூன்று வாரமும் எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது?

ஹோட்டல் சாப்பாட்டின் காரம் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாக்காரி எலக்ட்ரிக் கெட்டிலில் அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். மூன்றாம் நாள் கெட்டில் அடிப்பிடித்து, தீய்ந்த வாடை கீழ் வீடு வரை வந்தது. வீட்டுக்கார அம்மா சத்தம் போடத்தான் படியேறிப் போனார். போனவர் குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். “கைப்புள்ளய வெச்சிக்கிட்டு கெட்டில்லயா கஞ்சி காய்ச்சுற? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மா?” என்றிருக்கிறார். தமிழ் தெரியாத அந்தப் பெண், திட்டுகிறார் என்று நினைத்து அழுதுவிட்டாள். மறுநாள் காலையில் ஒற்றை பர்னர் அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் மாடிக்கு ஏறின. கதவில் இருந்த தாள் போனது. நாள் வாடகை மாச வாடகையானது. அன்றிலிருந்து வீட்டுக்கார அம்மா அந்தப் பெண்ணுக்கு ‘மாசி’. அம்மாவின் அக்கா தங்கையை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த அடுப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உயிருக்கு ஆபத்தான நோயோடு ஒரு குழந்தை ஊர்விட்டு ஊர் வந்தால், ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் இன்றைக்கு ஏதோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, இன்று வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. ரயிலில் சலுகை இருக்கிறது. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே கிடையாது. இதய ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு ஸ்லீப்பரில் 75 சதவீதம் தள்ளுபடி. கூடப் போகிற ஒருவருக்கும் சலுகை உண்டு. 2020ல் பல சலுகைகளை ரயில்வே நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கானது தப்பித்தது. தெரியாமல் முழு டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டு அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இவையெல்லாம் வார்டுக்குள் இருக்கும் நாளுக்கும் பயணம் போகும் நாளுக்கும்தான். ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே கிடக்கும் நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு குடும்பத்தின் கைப்பணம் கரைவது அந்த நாட்களில்தான்.

ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. முழுச் சிகிச்சைக்கு இரண்டு முதல் மூன்று வருஷம் ஆகும். முதல் ஆறேழு மாதம்தான் கடுமை. கீமோ ஏறினால் வெள்ளணுக்கள் சரியும். ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் காய்ச்சல் நூறைத் தாண்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி மருந்து ஏற வேண்டும். திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து நள்ளிரவில் எந்த பஸ்ஸைப் பிடிப்பது? அதனால்தான் வீட்டுக்கு அனுப்பினாலும், “பக்கத்துலயே இருங்க” என்கிறார் டாக்டர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அப்போதே சமைத்த சோறு, கூட்டமில்லாத அறை, சுத்தமான கழிப்பறை எல்லாம் வேண்டும் என்றும் சொல்கிறார். தட்டணுக்கள் குறைந்தால் பிளேட்லெட் ஏற்ற வேண்டும். அதை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது, அவ்வப்போது கொடுக்க ஆள் வேண்டும். சொந்த பந்தம் இல்லாத ஊரில் ஆளுக்கு எங்கே போவது?

வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் முக்கியமான இன்னொன்று, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது. பெற்ற குழந்தையின் சிகிச்சையை மனசறிந்து எந்த அப்பா அம்மாவும் விடுவதில்லை. வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குப் போகிறார்கள். அங்கே பாட்டியிடம் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பார்க்கிறார்கள், நட்ட பயிரைப் பார்க்கிறார்கள். அடுத்த தேதிக்குத் திரும்பி வரக் கையில் காசு இருப்பதில்லை.

வந்தவனுக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. சென்ட்ரலுக்கு எதிரே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் தலைமாட்டில் ராஜா சர் சவளை ராமசாமி முதலியாரின் சத்திரம் நிற்கிறது. ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் அவர் பெயரில் உள்ளதுதான். தங்க ஒரு கூரையும் பிள்ளை பெற ஓர் ஆஸ்பத்திரியும் ஒரே மனிதரின் தர்மம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இன்னும் பின்னால் போனால் மணியக்காரர் சத்திரம். 1782ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. 1799ல் அதோடு வைத்தியசாலையும் சேர்ந்து, வளர்ந்து, இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆனது. வட சென்னையில் பெரியவர்கள் இப்போதும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். கஞ்சித் தொட்டிதான் முதலில் வந்தது, ஆஸ்பத்திரி பிறகு.

இப்போது அதே பூந்தமல்லி சாலையில் மேற்கே போங்கள். இந்த அரை நூற்றாண்டில் ஆஸ்பத்திரிகள் எல்லாம் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. போரூரில் 1985ல் ஆரம்பித்த ராமச்சந்திரா, பூந்தமல்லி தாண்டித் தண்டலத்தில் சவீதா, முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் ஃபிரன்டியர் லைஃப்லைனும். முகப்பேர் இரண்டும் டாக்டர் கே.எம். செரியன் பெயரோடு பிணைந்தவை. 1975ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷனைச் செய்தவர். 2025 ஜனவரியில் காலமானார். குழந்தைகளின் இதயத்தைத் திறந்து சரிசெய்யும் வித்தையை இந்த ஊரில் வேரூன்ற வைத்தவர்களில் அவர் ஒருவர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஆஸ்பத்திரிகள் வந்த வேகத்தில் சத்திரங்கள் வரவில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி நகரத்து அரசு ஆஸ்பத்திரிகளில் உடனிருப்பவர்களுக்கு மாநகராட்சி தங்குமிடம் கட்டியிருக்கிறது, பக்கத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது. மேற்கே வந்தால், என் கண்ணில் படுவதெல்லாம் வாடகை அறைகளும் ‘சமைக்கக் கூடாது’ தாள்களும்தான்.

இதை உலகம் எப்படித் தீர்த்தது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் டாக்டர் ஆட்ரி இவான்ஸ் என்று ஒரு குழந்தைப் புற்றுநோய் மருத்துவர். தூரத்து ஊர்களிலிருந்து வந்த பெற்றோர் நாற்காலியில் தூங்குவதைத் தினமும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நச்சரித்தார். அதே ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய ஃபிரெட் ஹில்லின் மகள் கிம்முக்கு ரத்தப் புற்றுநோய். அணி பணம் திரட்டியது, மெக்டொனால்ட்ஸ் கடைகள் பச்சை நிற மில்க் ஷேக் விற்ற காசைக் கொடுத்தன. 1974 அக்டோபரில் முதல் ‘ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ்’ திறந்தது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த அமைப்பு இருக்கிறது. இவான்ஸ் 2022ல், 97 வயதில்தான் கண்ணை மூடினார்.

நம் நாட்டில் 2006ல் மும்பையில் ஷ்யாமா, நிஹால் கவிரத்னே தம்பதி ‘செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தும் நடைபாதையில் படுத்துக் கிடந்த புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களுக்காக வந்தது அது. சென்னையிலும் வேலூரிலும் இப்போது அவர்களின் மையங்கள் உண்டு. 2014ல் மும்பையில் பிறந்த ‘ஆக்ஸஸ் லைஃப்’ அமைப்பும் சென்னைக்கு வந்திருக்கிறது. செயின்ட் ஜூட் முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. தங்குவதற்குக் காசு வாங்குவதில்லை, ஆனால் சமைத்தும் போடுவதில்லை. பொதுச் சமையலறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனி மேடை. அரிசி பருப்பு அவர்கள் கொடுக்கிறார்கள், சமைப்பது அம்மா. வாய்ப்புண்ணோடு சுருண்டு கிடக்கும் குழந்தை, அம்மா கைப்பக்குவத்தில் ரசம் சோறு என்றால் இரண்டு வாய் கூடத் தின்னும். பக்கத்து அடுப்பில் நிற்கும் இன்னோர் அம்மா, “எம் புள்ளைக்கும் இப்படித்தான் முடி கொட்டுச்சு, இப்ப பாரு” என்பாள். எந்த வார்டிலும் கிடைக்காத தைரியம் அது.

நம் பக்கத்துக்கு இது எட்டாக்கனி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றித் தெருவுக்குத் தெரு லைன் வீடுகள் இருக்கின்றன. வேலை தேடி வந்த வெளியூர்க்காரர்களுக்கு அறுபது வருஷமாக இடம் கொடுத்துப் பழகிய ஊர் இது. ஆவடியிலிருந்து பாடி வரைக்கும் தொழிற்சாலைகள். கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்தப் பணத்தில் ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். அதோடு பத்து அறை, ஒரு நீளமான சமையல் மேடை, வாட்டர் ஃபில்டர், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஓர் ஆட்டோ. இதைக் கேட்கிறேன். ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது இன்னும் சின்னது. ‘டேட்’ கொடுக்கும் மேஜையிலேயே, “தள்ளிப் போனா எங்க தங்குவீங்க?” என்று ஒரு கேள்வி.

மாடி வீட்டுக் குழந்தையின் அப்பாவுக்குக் கொத்து வேலை தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பாடி பக்கம் கட்டட வேலை பார்க்கும் தன் ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்துக் கூலிக்குப் போனார். ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டபோது வந்து கொடுத்தது அந்தப் பையன்கள்தான். லீவு போட்டுவிட்டு நாலு பேர் வந்தார்கள்.

சளி விட்டது, ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகும் மறுபரிசோதனைக்காகப் பத்து நாள் இங்கேயே தங்க வேண்டியிருந்தது. நெஞ்செலும்பு கூடும்வரை குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை இடுப்புக்குக் கீழே. வீட்டுக்கார அம்மா அதை எங்கள் எல்லோருக்கும் செய்து காட்டி, பிறகுதான் குழந்தையைத் தொட விட்டார். நகங்கள் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன. இரண்டு வாரம் என்று வந்தவர்கள் நாற்பத்தைந்து நாள் கழித்துக் கிளம்பினார்கள்.

அடுப்பு மாடியிலேயே இருக்கிறது. அவர்கள் மிச்சம் வைத்துப்போன கடுகெண்ணெயும் அரைப் பை அரிசியும் அடுத்து வந்தவர்களுக்கு உதவின. இப்போது அந்த அறையில் இருப்பவர்கள் ராயலசீமா பக்கம். ஐந்து வயதுப் பையன். நேற்று எக்கோ எடுத்துவிட்டு வந்தார்கள். லேசாக இருமல் இருக்கிறது, பத்து நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மாசி அவர்களுக்கு மிளகு ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று கையாலேயே அளந்து காட்டிக்கொண்டிருந்தார்.