சிபாய் அடுக்கில் உப்பு எங்கே இருக்கிறது?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலை நோக்கி அகலும் பகுதியிலும் காஸ்பே தீபகற்பத்திலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்து என்றால் கனத்த வார்ப்பிரும்புப் பானை ஒன்று மேசைக்கு வரும். அதுதான் சிபாய். சதுரத் துண்டுகளாக வெட்டிய மாடு, பன்றி, கோழி இறைச்சி. வேட்டைக்குப் போகிற வீடானால் மூஸ் மானும் முயலும். கூடவே உருளைக்கிழங்கு, வெங்காயம், கிராம்பு, பட்டை. இறைச்சி அடுக்குகளுக்கு இடையில் ஒவ்வொரு மாவுத் தகடு, மேலே ஒரு மூடி. இறைச்சியை முந்தின இரவே மசாலாவில் ஊறவைத்து, மறுநாள் ஓவனில் ஆறேழு மணி நேரம் மெல்ல வேகவிடுவார்கள்.

மொன்றியாலில் வாழும் தமிழர்களுக்கும் இது அந்நியமான பண்டமல்ல. அலுவலக விருந்தில் பரிமாறுவார்கள், பக்கத்து வீட்டார் ஒரு துண்டு கொடுத்தனுப்புவார்கள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர் அதைப் பார்த்ததும் இறைச்சியைத்தான் சந்தேகிக்கிறார். சந்தேகம் போக வேண்டிய இடம் வேறு.

மூஸ் இறைச்சி 100 கிராமில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. கெடுதல் வருவது உப்பிட்ட பன்றிக்கொழுப்பிலிருந்து. ஒரு பானைக்கு அதில் 225 கிராம் போட்டால், அது மட்டுமே ஏறத்தாழ 6,000 மில்லிகிராம் சோடியம். 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 500. இதற்குமேல் சூப் கட்டியைக் கரைத்த சாறு, கையால் போடும் உப்பு. ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பே 2,300 மில்லிகிராம்தான். சமனாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பில் அவ்வளவும் அடங்கிவிடும். அடுத்த குற்றவாளி மாவு. அதில் 250 கிராம் பன்றிக்கொழுப்பைப் பிசைந்தால் சுமார் 98 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ஆளுக்கு எட்டு கிராம். கனடிய லேபிள்கள் ஒரு நாளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது 20 கிராம்.

ஆகவே மாற்றத்தை இந்த இரண்டிலும் செய்தால் போதும். உப்பிட்ட கொழுப்பை 50 கிராமாகக் குறைத்து, கொதிநீரில் சில நிமிடம் போட்டு வடித்துவிடலாம். உப்பில் ஒரு பங்கு நீரோடு போய்விடும், வாசனை மிஞ்சும். குறைந்த ருசியை ஈடுகட்ட உலர்ந்த காளானை ஊறவைத்த நீரும், பழுப்பேற வதக்கிய வெங்காயமும் கைகொடுக்கும். சாற்றை எலும்பில் உப்பில்லாமல் காய்ச்சி, குளிர்பெட்டியில் வைத்து, மேலே உறையும் கொழுப்பை வழித்து எடுங்கள். மாவுக்குப் பாதி கோதுமை, பாதி மைதா, கனோலா எண்ணெய். பேக்கிங் பவுடரிலும் சோடியம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உள் அடுக்குகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் மெல்லிதாகச் சீவிய ருட்டபாகாக் கிழங்கும் கேரட்டும் பரப்பலாம். அந்த ஒரு மாவுத் தகட்டையும் எடுத்துவிட்டால் அது ஏறக்குறைய லாக்-செயின்ட்-ஜீன் பகுதியின் தூர்த்தியேர் ஆகிவிடுகிறது. அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் சிபாய் கேட்டு வந்த விருந்தாளி முகம் சுளிப்பார். கோழியின் தோலை உரித்துவிட்டுப் போடுவது யாருக்கும் தெரியாது; அதைத் தயங்காமல் செய்யலாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கொழுப்பும் உப்பும் குறைந்துவிட்டதால் மட்டும் பானை பாதுகாப்பாகிவிடாது. இறைச்சி ஊறுவது 4 டிகிரிக்கு மேற்படாத குளிர்பெட்டியில். பனிக்காலம்தானே என்று பால்கனியில் வைப்பது சூதாட்டம். ஓவனை முதலில் 200 டிகிரியில் வைத்து, சாறு கொதித்த பிறகே சூட்டைக் குறைக்க வேண்டும். கோழியும் வேட்டை இறைச்சியும் கலந்த பானையின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டதா என்று வெப்பமானியைக் குத்திப் பார்ப்பது நல்லது. உண்மையான ஆபத்து விருந்துக்குப் பிறகு தொடங்குகிறது. பானை ஆழமானது, வார்ப்பிரும்பு சூட்டை விடாது; மிச்சத்தை அப்படியே அடுப்பின் மேல் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேகும்போது சாகாத கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு அது போதும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வேட்டை இறைச்சிக்குத் தனிக் கவனம் தேவை. மூஸின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேர்வதால் அவற்றைச் சாப்பிட வேண்டாம் என்கிறது கியூபெக் அரசு. ஈயத் தோட்டாவில் அடிபட்டதென்றால் காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்த இறைச்சியே வேண்டாம்.

கடையில் வாங்குகிறவருக்கு என்ன உரிமை? பெட்டியில் அடைத்த இறைச்சிப் பை (pie) பண்டத்தில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்க வேண்டும். அதில் ஒரு சத்துக்கு நேரே 5 விழுக்காடு என்றால் கொஞ்சம், 15 என்றால் அதிகம். 2026 ஜனவரி 1 முதல் அட்டையின் முகப்பிலேயே பூதக்கண்ணாடிப் படத்தோடு கருப்பு-வெள்ளைக் குறியீடும் கட்டாயம். முழு உணவாக விற்கும் பண்டத்தில் ஒரு பரிமாறலுக்கு சோடியம் 690 மில்லிகிராமையோ நிறைவுற்ற கொழுப்பு 6 கிராமையோ எட்டினால் அந்தக் குறி விழும். செயற்கை டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய மூலமான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்கு 2018 செப்டம்பர் 17 முதல் கனடாவில் தடை.

ஓட்டை எங்கே என்றால், இறைச்சிக்கடைக்காரர் தம் கடையிலேயே செய்து விற்பதற்கும், சந்தையில் ஒருவர் தாமே செய்து விற்பதற்கும் பொதுவாக இந்த அட்டவணை கட்டாயமில்லை. அங்கே வாய்விட்டுக் கேட்பதுதான் வழி: என்ன இறைச்சி, மாவில் என்ன கொழுப்பு, முட்டையோ கடுகோ இருக்கிறதா? மாட்டிறைச்சியோ பன்றியோ தவிர்ப்பவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. கோழிப் பை என்று வாங்கினாலும் மாவில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். அட்டையில் பொருட்பட்டியல் இருந்தால் ஆங்கிலத்தில் 'லார்ட்', பிரெஞ்சில் 'சேந்தூ' என்ற சொல்லைத் தேடுங்கள்.

சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கியூபெக்கில் 811-ஐ அழைத்துச் செவிலியரிடம் ஆலோசனை கேட்கலாம். கடை, உணவகம் பற்றிய புகாரை மாகாண விவசாய, உணவு அமைச்சகமான மப்பாக் பெற்றுக்கொள்ளும். லேபிள் பொய் சொன்னாலோ, எழுதாத ஒவ்வாமைப் பொருள் இருந்தாலோ கனடிய உணவு ஆய்வு முகமைக்கும் தெரிவிக்கலாம். பண்டத்தைத் திரும்பப் பெறவைப்பதற்கான விசாரணையை அதுதான் நடத்தும். மிச்சத்தை எறிந்துவிடாதீர்கள். பையில் கட்டி, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி எழுதி ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். அட்டை, தொகுதி எண், ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்க நேர்ந்தால் 15,000 டாலர் வரையிலான கோரிக்கையைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம்.