இளக்கும் கேனில் இரண்டு ஜாதி

கலவை ஓடவில்லையென்றால் கொத்தனார் தண்ணீரைக் கூட்டுவார். ஓடும், பலம் போய்விடும். தண்ணீரைக் கூட்டாமலே இளக்கத்தான், சிமெண்ட் விற்கும் நாம் பிளாஸ்டிசைசர் கேன்களையும் அடுக்கியிருக்கிறோம்.

1960களில் ஜப்பானில் வந்த நாஃப்தலீன் வகை, சிமெண்ட் துகளில் ஒட்டி, மின்னூட்டத்தால் துகள்களை விலக்கும். 1980களில் அங்கேயே வந்த பாலிகார்பாக்சிலேட்டின் மூலக்கூறு சீப்பு மாதிரி. தண்டு துகளைப் பற்றிக்கொள்ளும். பற்கள் தண்ணீருக்குள் நீட்டி நின்று அடுத்த துகளை அண்டவிடா. பற்கள் நெருக்கமானால் தண்டு மெதுவாகவே பற்றும், கலவையும் நெடுநேரம் இளகியிருக்கும்.

இரண்டையும் ஒரே கலவையில் ஊற்றினால் ஓட்டமே கெடும். ஒன்று தீர்ந்தால், "இதுவும் அதுதான்" என்று மற்றதைக் கொடுத்தனுப்புகிறோமே, அங்கேதான் வாடிக்கையாளரின் தளம் மாட்டிக்கொள்கிறது. முன்பு வாங்கியது எந்த வகை என்று கேட்டு, லேபிளைப் பார்த்துக் கொடுப்போம்.